தோள் அளவு

"எல்லாரையும் அளந்தாங்களாமே, உன்ன மட்டும் ஏன்ப்பா அளக்கல?"

ஆவணி மாதத்துச் சாயங்காலம் ஒன்றில் ஆறு வயது ரோசம்மா இப்படிக் கேட்டாள். இன்னாசிராஜ் அப்போதுதான் கம்பெனியிலிருந்து வந்து சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்தான். சாவியை எடுக்காமல் அப்படியே நிமிர்ந்தான்.

"யாரு சொன்னா உனக்கு?"

"நஞ்சப்ப மாமா வூட்டு கௌரி. அவங்கப்பாவ அளந்துட்டாங்களாம். அவங்கப்பாவுக்கு வேல இருக்குமாம். உனக்கு இருக்காதாம்."

உள்ளே அவன் மனைவி ராஜமேரி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது. 

குழந்தையின் கேள்வி விளங்க வேண்டுமானால் ஓசூர்ப் பம்பு கம்பெனியின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். தருமபுரி மாவட்டத்தின் வறண்ட ஊர்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த நூற்றுக்கணக்கானவர்களுக்கு அந்தக் கம்பெனிதான் சோறு போட்டது. அங்கே வருடத்துக்கு ஒரு முறை நீலச் சட்டையும் நீலக் கால்சட்டையும் கொடுப்பார்கள். ஆயுத பூஜை அன்று கைக்கு வரும். அதற்காக மாதா கோயில் தெருத் தையல்காரர் சவுரியப்பன் ஆவணியிலேயே டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். தொழிலாளர்கள் வரிசையாக வந்து கைகளை விரித்து நிற்பார்கள். "சம்பளம் ஏறலைன்னாலும் உனக்கு வயிறு ஏறிடுச்சுப்பா" என்று ஒருவரை ஒருவர் கேலி செய்வார்கள். வருடத்தில் அது ஒரு சிரிப்பான நாள்.

அந்த வருடம் சிரிப்பு வரவில்லை. சித்திரையிலிருந்தே விற்காத பம்புகள் கொல்லைப்புறத்தில் தார்ப்பாய்க்குக் கீழே மலையாகக் குவிந்துகொண்டிருந்தன. லாரிகள் வருவது குறைந்தது. ஓவர்டைம் நின்றது. கேண்டீன் வடை சிறுத்துக்கொண்டே வந்து கடைசியில் காணாமல் போயிற்று. ஆட்குறைப்பு வரப்போகிறது என்று எல்லோரும் சொன்னார்கள். யாரை, எப்போது என்று சொல்ல ஒருவரும் இல்லை. மேலே இருந்தவர்கள் வாயைத் திறக்காததால் கீழே இருந்தவர்கள் கண்ணில் பட்டதையெல்லாம் ஜோசியம் ஆக்கினார்கள். மேனேஜர் வணக்கத்துக்குத் தலையாட்டினால் ஒரு அர்த்தம், ஆட்டாவிட்டால் ஒரு அர்த்தம்.

அந்தச் சமயத்தில்தான் சவுரியப்பன் வந்தார். சூப்பர்வைசர் ஒவ்வொரு பிரிவிலும் சிலரை மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அனுப்பினார். சவுரியப்பன் அவர்களை அளந்துவிட்டு டேப்பைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். மற்றவர்கள் மெஷினுக்கு முன்னால் நின்றபடி அவர் முதுகைப் பார்த்தார்கள்.

மறுநாளே கேண்டீனில் மேஜைகள் பிரிந்துவிட்டன. அளந்தவர்கள் ஜன்னல் பக்கம், அளக்காதவர்கள் கை கழுவும் இடத்தின் பக்கம். யாரும் பிரித்து உட்கார வைக்கவில்லை. தானாக நடந்தது.

சங்கத்து மாதேஸ்வரன் நடுவில் நின்று சத்தம் போட்டார். "சர்க்கார் அனுமதி இல்லாம ஒருத்தரக்கூட அனுப்ப முடியாதுங்க. டேப்பு வச்சு ஆள் பொறுக்கறதுக்கு இதென்ன போலீஸ் செலக்‌ஷனா?"

"அண்ணா, உங்கள அளந்தாச்சுங்களா?" என்று கை கழுவும் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அளந்தாங்க. அதுக்கென்ன?"

"ஒண்ணுமில்லீங்க. அதான் தைரியமாப் பேசறீங்க."

மாதேஸ்வரன் தட்டை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்தார்.

ஜன்னல் பக்கத்து மேஜையில் நஞ்சப்பன் இருந்தான். பெயிண்ட் பிரிவில் வேலை. பாகலூர்ப் பக்கத்துக் கன்னடக் குடும்பம். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். அவன் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே இந்தப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டான்.

"ஏனப்பா இன்னாசி, மூஞ்சிய ஏன் தொங்கப் போட்டுக்கிட்ட? உனக்குச் சட்ட வரலைன்னா என்னுது ஒண்ணு தர்றேன். எஞ்சட்ட உனக்குப் பழக்கந்தானே!"

ஜன்னல் பக்கம் முழுவதும் சிரித்தது. இன்னாசிராஜ் தலையைக் குனிந்து, தட்டில் இருந்த மோர்ச்சோற்றை விரலால் வழித்துக்கொண்டே இருந்தான். நஞ்சப்பன் பொய் சொல்லவில்லை. அதனால்தான் வலித்தது.

எட்டு வருடத்துக்கு முன்னால், வேலைக்கு ஆள் எடுத்த நாளில், இன்னாசிராஜ் பொம்மிடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து விடியுமுன் கிளம்பி வந்தான். கிருஷ்ணகிரி தாண்டியதும் பஸ் சேற்றில் மாட்டிக்கொண்டது. ஆண்கள் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டியதாயிற்று. கம்பெனி வாசலுக்கு அவன் வந்து சேர்ந்தபோது, அவனிடம் இருந்த ஒரே வெள்ளைச் சட்டையில் மார்பு முழுக்கச் செஞ்சேறு. கேட்டில் இருந்தவர் அவனை மேலும் கீழும் பார்த்து, "இந்தக் கோலத்துலயா அதிகாரிங்க முன்னாடி போவ?" என்றார். அவனுக்கு அழுகை வந்துவிட்டது. அப்போது நேர்முகம் முடிந்து வெளியே வந்த முன்பின் தெரியாத ஒருவன், தைலமரத்து மறைவுக்கு அவனை இழுத்துக்கொண்டு போய்த் தன் சட்டையைக் கழற்றினான். வெள்ளையில் மெல்லிய நீலக்கோடு போட்ட சட்டை. "எனக்கு முடிஞ்சிருச்சு. நீ இதப் போட்டுக்கிட்டுப் போ. உன்னுத நான் போட்டுக்கிட்டுப் போறேன். வூட்ல எவன் கேக்கப் போறான்?" என்றான்.

அவன்தான் நஞ்சப்பன். இருவருக்கும் வேலை கிடைத்தது. சேர்ந்ததும் ஒரே நாள். இன்னாசிராஜ் சட்டையைத் துவைத்துக் கொண்டுபோய் நீட்டியபோது, "பேடப்பா, வேண்டாம், நீயே வச்சுக்க" என்று சொல்லிவிட்டான். தோளில் சற்றுத் தொளதொளத்த அந்தச் சட்டையைத்தான் இன்னாசிராஜ் இரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போட்டுக்கொண்டு போனான். அது கிழிந்ததும் ராஜமேரி துண்டு துண்டாக்கி ரோசம்மா பிறந்தபோது இடுப்புத் துணியாக்கினாள். கடன் என்று நஞ்சப்பன் ஒருநாளும் சொன்னதில்லை. இன்னாசிராஜுக்குத்தான் அது மனதில் இருந்தது. இப்போது அதைச் சபையில் எடுத்து விரித்துவிட்டான்.

அன்று இரவு ராஜமேரி சாப்பாடு போட்டுக்கொண்டே சொன்னாள். "சவுரியண்ணன் நம்ம கோயில்காரருதானுங்க. அவருகிட்டப் போயிக் கேளுங்க. உங்களையும் அளந்துரச் சொல்லுங்க."

"அளந்துட்டா வேல நெலச்சுருமா?"

"எனக்கென்னங்க தெரியும்? இங்க இருந்து போயிட்டா இந்தப் பிள்ளைய எந்தப் பள்ளிக்கூடத்துல போட்டுப் படிக்க வப்போம்? ஊருல போயி உங்கண்ணன் காட்டுல கடலக்கொட்ட பறிக்கறதா?"

அவளைக் குறை சொல்ல முடியாது. பயந்தவர்களுக்கு எது கையில் அகப்பட்டாலும் அது கயிறாகத்தான் தெரியும்.

சனிக்கிழமை சாயங்காலம் தையல்கடைக்குப் போனான். அங்கே அவனுக்கு முன்னால் லேத் பிரிவுக் கருப்பண்ணன் நின்றுகொண்டிருந்தார். அவர் கக்கத்தில் கால் கட்டிய கோழி ஒன்று கண்ணை உருட்டிக்கொண்டிருந்தது.

"இதுக்கு நான் அளவு எடுக்கறதாங்க?" சவுரியப்பன் மெஷினை விட்டு எழுந்திருக்கவே இல்லை. "காலைலருந்து இதே பாடுதான். ஒருத்தர் பூசணிக்காயத் தூக்கிட்டு வர்றாரு, ஒருத்தர் கோழியத் தூக்கிட்டு வர்றாரு. நான் என்ன கம்பெனிக்கு மொதலாளியா? கோழியக் கொண்டுபோயி வூட்டுப் பிள்ளைங்களுக்கு அடிச்சுப் போடுங்கய்யா."

கருப்பண்ணன் நம்பாமல் அவரைப் பார்த்தார். கோழியோடு மெல்ல வெளியே போனார்.

 இன்னாசிராஜுக்குக் கேட்க வெட்கமாக இருந்தது. சவுரியப்பனே ஆரம்பித்தார்.

"நீயுமா தம்பி? கேட்டுக்க. போன வருஷச் சட்ட யாருக்கு இறுக்கிப் பிடிக்குதோ, யாருக்குத் தொளதொளன்னு இருக்குதோ, அவங்கள மட்டும் அனுப்பறேன், வேலைய நிறுத்த முடியாது, மத்தவங்களுக்குப் பழைய அளவே போதும்னு சூப்ரவைசர் சொன்னாரு. அவ்வளவுதான் சங்கதி. உனக்கு நான் தைக்க ஆரம்பிச்சதுலருந்து ஒரே அளவு. சோறு திங்கறியோ இல்லயோ, உடம்பு மாறவே மாட்டேங்குது."

"அப்ப நஞ்சப்பன அளந்தது?"

"போன தீவாளிக்கே அவரு தோள் பிடிக்குதுன்னு சொன்னாருப்பா. நாள் பூரா பெயிண்ட் துப்பாக்கியத் தூக்கித் தூக்கி அடிக்கறாரில்ல? வலது தோள் கொஞ்சம் பெருத்துப் போச்சு."

"இத எல்லாருகிட்டயும் சொல்லக் கூடாதுங்களா?"

"சொல்லாமயா இருப்பேன்? கம்பெனி இப்படிச் சொல்லச் சொல்லியிருக்கும்ங்கறாங்க." அவர் ஊசிக்கு நூல் கோர்க்க முயன்று, விட்டுவிட்டார். "நாப்பது வருஷமா இந்த டேப்பு கழுத்துல கெடக்குது. இது ஒருத்தரையும் பயமுறுத்துனதில்ல தம்பி."

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் இன்னாசிராஜுக்கு நெஞ்சு இலேசாக இருந்தது. டேப்பில் ஒன்றும் இல்லை. அளக்காதவனுக்கு ஆபத்து இல்லை. அப்படியானால் அளந்தவனுக்குக் காவலும் இல்லை. இந்த இரண்டாவது நினைப்பு வந்ததும் சைக்கிளின் வேகம் குறைந்தது.

நஞ்சப்பனுடைய மச்சினன் கோவிந்தனுக்குப் பெங்களூரில் ஒரு பெயிண்ட் பட்டறையில் செல்வாக்கு உண்டு. அங்கே நஞ்சப்பனுக்கு இடம் சொல்லி வைத்திருந்தான். அதை நஞ்சப்பன் கேண்டீனில் பெருமையாகவே சொல்லியிருந்தான். "அவன் கூப்பிடறான், நான் எதுக்குப் போறேன்? எனக்குத்தான் புதுச்சட்ட தைக்கறாங்களே!"

அவனிடம் போய்ச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இன்னாசிராஜ் அந்த எண்ணத்தோடுதான் நஞ்சப்பன் வீட்டுத் தெருவுக்குத் திரும்பினான். வாசலில் பேச்சும் சிரிப்பும் கேட்டது. அந்தச் சிரிப்பு கேண்டீன் சிரிப்பாகக் காதில் விழுந்தது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று சைக்கிளைத் திருப்பிக்கொண்டான். சற்று முன்னால் கோயிலில் எல்லோரோடும் மண்டியிட்டு, பிறருடைய குற்றங்களை மன்னிக்கிறோம் என்று சொன்ன அதே வாய்தான்.

திங்கட்கிழமை சைக்கிள் ஸ்டாண்டில் நஞ்சப்பனைப் பிடித்துத் தையல்காரர் சொன்னதையெல்லாம் சொன்னான்.

நஞ்சப்பன் நிதானமாகக் கேட்டான். பிறகு அவன் தோளில் தட்டினான். "டெய்லர் உங்க கோயில் ஆளு. உனக்கு ஆறுதலா நாலு வார்த்த சொல்லியிருக்காரு. ஹோகலி பிடு, விடப்பா."

"நான் எனக்காகச் சொல்லல நஞ்சப்பா. பெங்களூருக்கு வர்றேன்னு சொல்லி வச்சுரு. இங்க வேல நெலச்சுருச்சுன்னா அப்பறம் வேண்டான்னுக்கலாம்."

"எங்க சொல்றது? கோவிந்தன் நேத்துதான் வந்திருந்தான். வேண்டான்னு சொல்லியனுப்பிட்டேன். வேற ஆளப் போட்டுருவாங்க."

 நேற்றுக் கேட்ட சிரிப்பு என்னவென்று இன்னாசிராஜுக்கு இப்போது புரிந்தது. மச்சினனை வழியனுப்பிய சிரிப்பு.

ஆயுத பூஜை வந்தது. மெஷின்களுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். பூசணிக்காய் உடைத்தார்கள். பிறகு சவுரியப்பனின் மூட்டைகள் பிரிக்கப்பட்டன. எல்லோருக்கும் சட்டை இருந்தது. அளந்தவனுக்கும் இருந்தது, அளக்காதவனுக்கும் இருந்தது. ஒரு கணம் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அப்புறம் கேண்டீனே அதிரும்படி சிரித்தார்கள். கருப்பண்ணன் தன் சட்டையை மார்பில் வைத்துப் பார்த்து, "நல்லவேள, கோழிய நாங்களே தின்னுட்டோம்" என்றார். மேஜைகள் மறுபடி ஒன்றாயின. நஞ்சப்பன் புதுச் சட்டையைப் போட்டுக் கையை முன்னும் பின்னும் வீசிப் பார்த்தான். தோள் கச்சிதமாக இருந்தது. "ஆள அனுப்பறவன் இத்தன துணி எடுத்துக் குடுப்பானா?" என்று எல்லோரும் சொல்லிக்கொண்டார்கள். துணி எடுத்துக் கொடுத்தவர்கள் வேறு, ஆளை அனுப்புகிறவர்கள் வேறு என்று யாருக்கும் தோன்றவில்லை.

தீபாவளி முடிந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பெயிண்ட் பிரிவின் கதவு திறக்கவில்லை. அந்தப் பிரிவுக்காரர்களைக் கேண்டீனில் உட்காரச் சொன்னார்கள். அரசாங்க அனுமதி வந்துவிட்டது, பெயிண்ட் வேலையை இனி வெளியே கொடுக்கப்போகிறார்கள் என்று ஒரு அதிகாரி சொன்னார். சொல்லும்போது அவர் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. எல்லோரும் புதுச் சட்டையில் உட்கார்ந்திருந்தார்கள். மடிப்புக் கலையாத நீலம். சங்கத்து மாதேஸ்வரனும் பெயிண்ட் பிரிவுதான். அவர் எழுந்து ஏதோ சொல்லப் போனார். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மற்றப் பிரிவுகளில் பிந்திச் சேர்ந்தவர்களை ஒவ்வொருவராகச் சூப்பர்வைசர் வந்து கூப்பிட்டுக்கொண்டு போனார். காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் இன்னாசிராஜின் கையில் ஸ்பானர் வழுக்கியது. பக்கத்து ஆள் போனான். எதிரில் நின்றவன் போனான். மாதாவே, மாதாவே என்று மட்டும் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தான். அவனை யாரும் கூப்பிடவில்லை. சங்கு ஊதிவிட்டது. நன்றி சொல்ல நினைத்தான். பக்கத்தில் அனாதையாகக் கிடந்த ஸ்பானரைப் பார்த்ததும் நன்றியை விட்டுவிட்டு அதைத் துடைத்துப் பெட்டியில் வைத்தான்.

வாசலில் நஞ்சப்பன் டிபன் பாக்ஸோடு நின்றிருந்தான். முகமூடியாகக் கட்டிக்கொள்ளும் பெயிண்ட் படிந்த துணி அவன் கழுத்தில் இன்னும் தொங்கியது.

"இன்னாசி, உங்க டெய்லர் சொன்னது நெசந்தாம்ப்பா."

அவ்வளவுதான் சொன்னான். பெரிய குரலில் சொல்லவில்லை. சைக்கிளில் ஏறாமல் உருட்டிக்கொண்டே போனான்.

அதன் பிறகு அவனை வழியில் பார்ப்பதே அரிதாயிற்று. சேதிகள் தண்ணீர்க் குழாயடி வழியாக வந்தன. நஞ்சப்பனின் மனைவி பாஞ்சாலி அங்கேதான் ராஜமேரியிடம் மனதைத் திறப்பாள். தினமும் சிப்காட்டில் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்குகிறானாம். நல்ல சட்டை என்று அவனிடம் இருப்பது அந்த நீலச் சட்டைதான். சட்டைப் பையின் மேல் பம்பு கம்பெனியின் பெயர் பூவேலை போட்டிருக்கும். வாட்ச்மேன் முதலில் அதைத்தான் படிக்கிறானாம். "அங்க கழிச்சு அனுப்புன ஆளா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுகிறானாம்.

"நூலப் பிரிச்சுப் பாத்தேங்கா," என்று பாஞ்சாலி சொன்னாளாம். "நூலு போயிருச்சு. ஊசி போன ஓட்ட போகல. உத்துப் பாத்தா அப்பவும் படிக்க முடியுது. திங்கக்கெழம ஒரு எடத்துல வரச் சொல்லியிருக்காங்க. எதப் போட்டுக்கிட்டுப் போவாருன்னு தெரியல."

ராஜமேரி இதைச் சொல்லிவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். அவன் மறுநாள் வேலை முடிந்ததும் ஜவுளிக்கடைக்குப் போனான். வெள்ளையில் மெல்லிய நீலக்கோடு போட்ட துணி ஒன்று கண்ணில் பட்டது. ஆசையாகத் தொட்டுப் பார்த்தான். பிறகு அதை நகர்த்தி வைத்துவிட்டு, எல்லோரும் வாங்குகிற வெறும் வெள்ளைத் துணியைக் கிழிக்கச் சொன்னான். யார் கொடுத்தது என்று சட்டை போய்ச் சொல்லக் கூடாது.

சவுரியப்பன் துணியை வாங்கி உதறினார். "யாருக்கு? உனக்கா?"

"நஞ்சப்பன் அளவு உங்ககிட்ட இருக்குமில்லீங்களா?"

 தையல்காரரின் குரல் தணிந்தது. "இருக்கு. ஆனா அது ஆவணியில எடுத்த அளவு. அதுக்கப்பறம் ஆளு எளச்சிருப்பாரே." துணியைப் பலகையில் விரித்துச் சுண்ணக்கட்டியை எடுத்தார். "வயித்துல ரெண்டு விரக்கடை கொறச்சுக்கறேன். தோள் அப்படியே இருக்கட்டும். அது எளைக்காது."

"எத்தன கூலிங்க?"

"இந்த டேப்பு அந்த மனுசனுக்குப் பொய் சொன்ன மாதிரி ஆயிப்போச்சு. இந்த ஒரு தடவ அது உண்மை பேசட்டும். கூலியப் பத்திப் பேசாத."

"சனிக்கெழம வாங்கிக்கறேன். யாருகிட்டயும்..."

"எனக்கு வாய் எதுக்கு? ஊசியப் பல்லுல கடிச்சுக்கத்தான்."

மார்கழி பிறந்திருந்தது. ஓசூரின் பனி விடிந்த பிறகும் தெருவை விட்டுப் போகாது. ஞாயிறு காலை முதல் பூசைக்கு இன்னாசிராஜ் சற்று முன்னதாகவே கிளம்பினான். ராஜமேரியையும் குழந்தையையும் நேரே கோயிலுக்கு வரச் சொல்லிவிட்டான். சட்டை செய்தித்தாளில் சுற்றி சைக்கிள் கேரியரில் இருந்தது.

நஞ்சப்பன் வீட்டில் மார்கழியில் எல்லோருமாக மலைக்கோயிலுக்குப் போவது வழக்கம். கதவில் பூட்டுத் தொங்கியது. வாசலில் பாஞ்சாலி போட்டுவிட்டுப் போன கோலம் பனியில் நனைந்திருந்தது. இன்னாசிராஜ் அதை மிதிக்காமல் சுவரோரமாகச் சுற்றிக்கொண்டு ஜன்னலுக்குப் போனான். ஒற்றைக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. தள்ளினான். உள்ளே ஜன்னலை ஒட்டிக் கட்டில். அதன் மேல் அந்த நீலச் சட்டை, பைப் பக்கம் உள்ளே போகும்படி மடித்து வைத்திருந்தது.

செய்தித்தாளைப் பிரித்தான். வெள்ளைச் சட்டையைக் கம்பிகளின் வழியாகக் கழுத்துப் பட்டை நசுங்காமல் மெல்ல விட்டான். கையை எட்டுமட்டும் நீட்டி, நீலச் சட்டைக்கு மேலே அதை வைத்து, தோள்பட்டையை ஒரு முறை நீவிவிட்டான். தெருவில் யாரும் இல்லை. பனிக்குள்ளிருந்து மாதா கோயில் முதல் மணி கேட்டது.

ஜன்னலை முன்போலவே சாத்தினான். செய்தித்தாளை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, சைக்கிள் சத்தம் கேட்காதபடி தெருமுனை வரை தள்ளிக்கொண்டே போனான்.